மேற்படி குலத்தின் தோற்றமும் பரவலும்

மகளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு உத்தரவு வந்தது. வந்த அன்று வீட்டில் மூன்று பேரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். மகள் ஒரே மூச்சில் படித்துவிட்டுக் குதித்தாள். வீட்டுக்காரி முத்திரையைத் தடவிப் பார்த்து, நிஜம்தான் என்று முடிவு கட்டினாள். மாடியண்ணன் கடைசியாக வாங்கி, விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு இறங்கினார். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்ட ஆள் அவர். அப்படிக் காலம் கடந்து கற்றவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்றையும் விடாமல் படிப்பார்கள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த பொடி எழுத்தைப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

"இந்தாம்மா, இங்க என்னமோ போட்டிருக்கே. 'நூறு பேருக்கும் குறைவானோர் தாங்கி வரும் அரிய குடும்பப்பெயர் உடையோர், அப்பெயரின் தோற்றம் மற்றும் பரவல் குறித்த சான்றை முப்பது நாட்களுக்குள் சேர்ப்பிக்கத் தவறின், இவ்வுத்தரவு தானாகவே ரத்தாகும்.'"

"தாங்கி வரும்னா?" என்றாள் வீட்டுக்காரி.

"சுமந்துட்டு வர்றது."

"பகலெல்லாம் மணலச் சுமக்கிறது பத்தாதுன்னு பேரையும் சுமக்கணுமாக்கும்."

மணல் சுமப்பதுதான் அவர் தொழில். லிஃப்ட் வைக்காத புதுக் கட்டடங்களில் மணலையும் செங்கல்லையும் தலையில் ஏற்றி நாலாவது மாடி, ஐந்தாவது மாடி என்று கொண்டு போய்க் கொட்டுவார். அதனால்தான் மாடியண்ணன். காகிதத்தில் இருக்கிற குடும்பப்பெயர் வேறு. அது 'மேற்படி'.

ஆபீசுகளில் ஒரு வரியில் எழுதியதே அடுத்த வரிக்கும் பொருந்தும் என்றால், திரும்ப எழுதக் கை வலிக்கும் என்று 'மேற்படி' என்று போட்டுவிட்டுப் போவார்களே, அதே மேற்படிதான். அவருடைய அப்பாவின் அட்டையில் அப்படி இருந்தது. அது இவருக்கு வந்தது, இவரிடமிருந்து மகளுக்குப் போனது. எழுத்துத் தெரியாத காலத்தில் அதை ஏதோ கனமான பெயர் என்று நினைத்து அவர் கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்தி நடந்ததுகூட உண்டு. அனுபவித்தது மகள்தான். பள்ளியில் குடும்பப்பெயரை வைத்துத்தான் வருகை எடுப்பார்கள். பதிவேட்டில் அவளுக்கு மேல் வரியில் ஒரு பையன். அவனுக்கு அம்மை போட்டுப் படுத்த இருபது நாளும், முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே அவளும் பள்ளிக்கு வரவில்லை.

சான்று தருகிற இடத்தின் பெயர் அரிய குடும்பப்பெயர்கள் தோற்றம் மற்றும் பரவல் ஆய்வு நிறுவனம். பெயருக்கு ஏற்ற நீளத்தில் கட்டடம் கட்டவில்லை. 'ஆய்வு நிறு' என்பதோடு முன்சுவர் தீர்ந்துபோக, மிச்சம் இருந்த 'வனம்' பக்கச் சுவரில் திரும்பி நின்றது. அந்தப் பக்கத் தெருவிலிருந்து வருகிறவர்கள் காட்டிலாகா என்று நினைத்துத் திரும்பிப் போவது வழக்கம். மாடியண்ணன் முன்பக்கமாக வந்ததால் 'நிறு' என்பதைப் படித்து, எடை போடுகிற இடம் என்று நினைத்து, விசாரிக்கலாம் என்று உள்ளே போனார். மூன்று பஸ் மாறி வந்த களைப்பு வேறு.

கவுண்டரில் இருந்தவர் ஒரு படிவத்தை நீட்டினார். மாடியண்ணன் நின்றபடியே நிரப்பிக் கொடுத்தார். கவுண்டர்காரர் அதைப் பார்த்தார், மாடியண்ணனைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"வயசு அம்பத்தாறு. அதுக்குக் கீழ குடும்பப்பெயர் மேற்படின்னு எழுதியிருக்கீங்க. உங்க குடும்பப்பெயர் அம்பத்தாறா?"

"இல்லைங்க. மேற்படி."

"அதாங்க நானும் கேக்கறேன். மேல என்ன இருக்கு?"

"மேல வயசுங்க."

"வயசு எவ்வளவு?"

"அம்பத்தாறு."

"அப்ப சரியாத்தானே கேட்டேன்! எதுக்கு இல்லைங்கறீங்க?"

கவுண்டர்காரர் நல்ல மனிதர். சிவப்பு மையால் அவராகவே திருத்தி, குடும்பப்பெயர் கட்டத்தில் 'ஐம்பத்தாறு' என்று எழுதி முத்திரை குத்தினார். "உங்க அப்பா பேரும் இதேதானா?"

"அவரு போகும்போது அறுபத்தொண்ணுங்க," என்றார் மாடியண்ணன், இனிப் பேசிப் பயனில்லை என்று தெரிந்து.

இந்தச் சத்தத்தில்தான் இயக்குநர் உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். தங்க ஃபிரேம் கண்ணாடி, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. 'மேற்படி' என்ற சொல் காதில் விழுந்ததும், தொலைந்த பிள்ளையைப் பார்த்தவர் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார். கட்டிக்கொள்ளவும் வந்தார், சட்டையில் சிமென்ட் இருந்ததைப் பார்த்து ஒரு முழம் தள்ளியே நின்றுகொண்டார்.

"மேற்படி குலமா நீங்க! உங்களப் பத்தி மூணு தொகுதி போட்டிருக்கோம்யா! நாட்டுல மொத்தம் நாப்பத்துமூணே பேரு. பதினோரு வருஷமா ஆராயறோம்."

"பதினோரு வருஷமா எங்களை யாரும் வந்து ஒண்ணும் கேக்கலியேங்க."

"கேக்கக் கூடாது. கேட்டா நீங்க பதில் சொல்லிடுவீங்க. ஆராய்ச்சி கெட்டுடும்."

மாடியண்ணன் மகளின் உத்தரவைக் காட்டி, முப்பது நாள் கெடுவைச் சொன்னார். நான்கு நாள் ஏற்கெனவே போயிருந்தது. இயக்குநர் சிரித்தார். "சான்றுதானே? ஒரு கையெழுத்து. தோற்றம் முடிவானதும் போட்டுடலாம். இதே மாசக் கடைசியில மாநாடு வருது. அதுவரைக்கும் நீங்க தினமும் வந்து ஆராய்ச்சிக்கு ஒத்துழைக்கணும்."

படிவத்தின் உச்சியில் இருந்த நிறுவனச் சின்னத்தை மாடியண்ணன் கவனித்தார். நெளிந்து, கடைசியில் வாலைச் சுழற்றிக்கொண்ட ஒரு புழு. இயக்குநர் அதற்கும் விளக்கம் சொன்னார். "எங்க அப்பா கையெழுத்து. இந்த நாட்டுல குடும்பப்பெயர் பதியப் போன முதல் எழுத்தர்கள்ல அவரு ஒருத்தர். அவரோட நினைவாத்தான் இந்த நிறுவனமே."

மறுநாளிலிருந்து மாடியண்ணன் வேலைக்குப் போவதை விட்டு ஆராய்ச்சிக்குப் போனார்.

முதலில் அவரைக் கையில் எடுத்தவர் படிக்கட்டுப் பேராசிரியர். மேற்படி என்றால் மேல் படி. அரண்மனையின் உச்சிப் படியில் அரசனுக்கு ஒரு படி மட்டும் கீழே நின்ற குலம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மாடியண்ணனின் தொழிலைக் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பரம்பரை! ரத்தத்துல இருக்கு! ஆயிரம் வருஷம் கழிச்சும் இந்தக் குலம் படியை விடலை பாருங்க!"

"லிஃப்ட் வைக்கலைன்னு ஏறுறேங்க," என்றார் மாடியண்ணன்.

"அப்படித்தான் உங்களுக்குத் தோணும்."

சோதனைக்காகப் படி ஏறச் சொன்னார்கள். வெறுங்கையோடு ஏறினால் மாடியண்ணனுக்குத் தள்ளாடியது. முப்பது வருஷமாகத் தலையில் சுமை இல்லாமல் அவர் படி ஏறியதில்லை. "ஏதாவது தலையில வைங்க" என்றார். கீழ்த்தளத்தில் பழைய பதிவேட்டுக் கட்டுகள் மலையாகக் கிடந்தன. மூன்றாவது மாடிக்குக் கொண்டு போக ஆறு வருஷமாக ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டாகத் தலையில் ஏற்றினார்கள். பேராசிரியர் கையில் கடிகாரத்தோடு முழங்காலின் கோணத்தைக் குறித்துக்கொண்டே பின்னால் வந்தார். இரண்டாவது நாளோடு பேராசிரியருக்கு மூச்சு வாங்கியது, அவர் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இறங்கி வருகிறவரிடம் "எப்படி ஏறினீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மத்தியானங்களில் அவரை எதிர்ப் பேராசிரியர் எடுத்துக்கொள்வார். படிக்கட்டுப் பேராசிரியர் எதைச் சொன்னாலும் எதிர்ப்பதற்காகவே நிறுவனத்தில் அவருக்கு ஓர் இருக்கை இருந்தது. 'கீழ்ப்படி' என்றால் பணிதல், ஆகவே 'மேற்படி' என்றால் பணியாதிருத்தல். யாருக்கும் அடங்காத கலகக் குலம் இது என்பது அவர் கட்சி.

"உக்காருங்க," என்றார் அதிகாரமாக.

மாடியண்ணன் உட்கார்ந்தார். பேராசிரியர் முகம் சுருங்கியது.

"உக்காராதீங்க!"

மாடியண்ணன் எழுந்தார்.

"ரெண்டுக்கும் கீழ்ப்படியறீங்களே! என்ன மனுஷன்யா நீங்க?"

"முப்பது வருஷமா மேஸ்திரிகிட்ட இருக்கேங்க."

பேராசிரியர் நோட்டைத் திறந்து, 'கலக குணம் மிக ஆழத்தில் மறைந்துள்ளது. அவ்வளவு ஆழத்தில் மறைந்திருப்பதே அதன் வலிமைக்குச் சான்று' என்று எழுதிக்கொண்டார்.

இடையில் யாரோ ஓர் இளம் ஆய்வாளர், மேற்படி என்பது மேற்படிப்பிலிருந்து வந்திருக்கலாம், இது பெரும் கல்விமான்களின் குலம் என்று ஒரு கட்டுரை எழுதியதும் உண்டு. மாடியண்ணன் எழுத்துக் கற்ற வயதைக் கேட்டதும் அந்தக் கட்டுரை சத்தமில்லாமல் குப்பைக்குப் போனது.

இருபது நாள் இப்படி ஓடியது. கீழ்த்தளம் காலியாகிக்கொண்டே வந்து, தரையின் நிறம் முதல் முறையாகத் தெரிந்தது. ஒவ்வொரு மாலையும் மகள் வாசலிலேயே பிடித்துக்கொள்வாள்.

"என்னப்பா ஆச்சு?"

"இன்னைக்கு எழுபத்திரெண்டு கட்டு."

"கட்டு கிடக்கட்டும். கையெழுத்து?"

"மாநாட்டுலதானாம்மா."

இருபத்தெட்டாவது நாள் கடைசிக் கட்டின் கயிறு மூன்றாம் மாடியில் அறுந்து, பதிவேடுகள் சிதறின. பொறுக்கி அடுக்கும்போது அவருடைய பழக்கம் விடவில்லை. திறந்து கிடந்த பக்கத்தில் விரலை வைத்தார். 'பாலம் கட்டும் பணி. தொழிலாளர் பதிவு.' அவருடைய அப்பா வேலை செய்த பாலம்தான். ஊரும் ஆறும் ஒத்துப் போயின. கட்டம் கட்டமாகப் பெயர், வயது, குடும்பப்பெயர். ஒன்பதாவது வரியில் அப்பா இருந்தார். வயது இருபத்தாறு. குடும்பப்பெயர்: மேற்படி.

விரல் மேலே ஏறியது. எட்டாவது வரி, மேற்படி. ஏழு, மேற்படி. ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, எல்லாம் மேற்படி. முதல் வரியில் ஒரு கொத்தனாரின் பெயர். அவர் வயது. குடும்பப்பெயர்க் கட்டம் காலி.

ஒன்றுமே எழுதவில்லை. பிறகு கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கலாம். விட்டது விட்டபடியே கிடந்தது. காலியைப் பார்த்து ஒரு மேற்படி, அந்த மேற்படியைப் பார்த்து இன்னொரு மேற்படி என்று பக்கம் முழுக்க இறங்கியிருந்தது. அடியில் ஒரு கையெழுத்து. நெளிந்து, வாலைச் சுழற்றிக்கொண்ட புழு.

மாடியண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா அந்த வரிசையில் வெயிலில் நின்றிருப்பார். முறை வந்ததும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் போயிருப்பார். கேட்டிருந்தால் ஏதோ ஒரு பெயரைச் சொல்லியிருப்பார். அது என்ன பெயர் என்று இப்போது யாரைக் கேட்பது?

மற்ற பதிவேடுகளையும் புரட்டினார். வேறு ஊர், வேறு ஆறு, வேறு பாலம். அதே புழு. முதல் வரி காலி, கீழே மேற்படி, மேற்படி, மேற்படி. ஏழு ஊர் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வீட்டுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அட, ஒருத்தன் சோம்பேறித்தனத்தையா நாம மூணு தலைமுறையா பேருன்னு வச்சிட்டிருக்கோம்?"

மகள் உத்தரவை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "அப்பா, நாளன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு கெடு முடியுது. அவங்க ராஜா வீட்டுப் படின்னு எழுதினாலும் சரி, வேற என்ன எழவ எழுதினாலும் சரி. காகிதம் கைக்கு வர்ற வரைக்கும் வாயத் திறக்காதீங்க."

"நான் எங்கம்மா திறக்கப் போறேன்?"

"உங்களுக்குத்தான் படிச்சத சொல்லாம இருக்க முடியாதே."

முப்பதாவது நாள் காலையில் மாநாடு. முந்நூறு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் பதினான்கு பேர் நிறுவனத்தின் ஆட்கள். மாடியண்ணனை மேடையில், கழுத்தில் 'அரிய மாதிரி' என்று எழுதிய அட்டையோடு உட்கார வைத்தார்கள். மகள் உத்தரவுக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கவுண்டர்காரர்தான் குறிப்பெழுத்தர். சபையில் பேசுவது எதையும் விடாமல் எழுதவேண்டும் என்பது விதி. மூக்கைச் சிந்தினாலும் எழுதுவார்.

இயக்குநர் எழுந்து திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஏழு சிவப்புப் புள்ளிகள்.

"பெரியோர்களே! இதுவே மேற்படி குலத்தின் பரவல். ஏழு ஊர்கள். ஏழும் ஆற்றங்கரை என்பதை உற்று நோக்குங்கள். இக்குலம் ஓர் ஆற்றங்கரையில் இரண்டு ஆண்டுகள் தங்கும். பிறகு அடுத்த ஆற்றுக்குச் செல்லும். ஏன் சென்றது? எதைத் தேடியது? இந்த நாகரிகப் புதிரை எண்ணிப் பல இரவுகள் நான் உறங்கவில்லை. இதிலே இன்னொரு விந்தை. என் தந்தையார் எழுத்தராகப் பணியாற்றியதும் இதே ஏழு ஊர்களில்தான். இதே வரிசையில்தான்! அவர் மாற்றலாகிச் சென்ற இடமெல்லாம் இந்தக் குலம் இருந்தது. ஒருவேளை இக்குலத்தின் ஆன்மாவே அவரை அழைத்ததோ என்று நான் கண் கலங்கியதுண்டு."

பதினான்கு பேர் கை தட்டினார்கள். மற்ற நாலு பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்து படிக்கட்டுப் பேராசிரியர் இரண்டு மணி நேரம் பேசினார். அதற்கு எதிர்ப் பேராசிரியர் இரண்டரை மணி நேரம் எதிர்த்தார். தோற்றம் 'உச்சிப் படி' என்றால் தன் கையெழுத்து விழாது என்றார் இவர். 'அடங்காமை' என்றால் தன் பிணத்தின் மேல்தான் சான்று போகவேண்டும் என்றார் அவர். மணி மூன்றே முக்கால் ஆனது. இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"கருத்து வேறுபாடே ஆராய்ச்சியின் உயிர். ஆகவே தோற்றம் குறித்த முடிவை அடுத்த மாநாட்டுக்கு ஒத்திவைக்கிறேன். அது மூன்று ஆண்டுகள் கழித்து நடைபெறும்."

மகள் எழுந்துவிட்டாள். "சார், எனக்கு இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் சார் நேரம்!"

"ஆயிரம் வருஷத்துக் குலம்மா. அஞ்சு மணிக்கா முடிவு பண்ண முடியும்?"

அவள் மேடையைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று சொன்ன அதே கண்கள் இப்போது, திறங்களேன்ப்பா என்று கெஞ்சின. மாடியண்ணன் கழுத்து அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லலாங்களா? தோற்றம் மூணாவது மாடியில இருக்குங்க. நான்தான் தூக்கிட்டுப் போயி வச்சேன்."

பாலத்துப் பதிவேட்டைக் கையோடு கொண்டு வந்திருந்தார். காலியான முதல் கட்டத்தைக் காட்டினார், கீழே வரிசையாக இறங்கிய மேற்படிகளைக் காட்டினார், அடியில் இருந்த வாலைக் காட்டினார். "ஏழு ஊர்லயும் பாலம் கட்டினாங்க, அதனால ஏழும் ஆத்தங்கரை. ஏழுலயும் இந்தக் கையெழுத்துக்கார ஐயாதான் பேர் எழுதினாரு. நாங்க எங்கேயும் போகலீங்க. போனது அவரு."

படிக்கட்டுப் பேராசிரியரும் எதிர்ப் பேராசிரியரும் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரே குரலில், "இது ஆராய்ச்சி இல்லை!" என்றார்கள்.

இயக்குநர் சுதாரித்துக்கொண்டார். "அப்படின்னா மேற்படிங்கறது குடும்பப்பெயரே இல்ல. இல்லாத பெயருக்குச் சான்று தர முடியாது."

"விதி பதினாறுல அப்படி இல்லீங்களே," என்றார் மாடியண்ணன். "விதிப் புத்தகம் அறுபதாவது கட்டுல இருந்துச்சு. அதையும் படிச்சேன்." கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்: "'பதிவேட்டில் உள்ள எப்பெயரும் குடும்பப்பெயரே. அதன் தோற்றம் ஒரு நபராகவோ ஒரு காரணமாகவோ இருத்தல் வேண்டும். நபர் எனில், அப்பெயரைத் தாங்குவோர் அனைவரும் அவருடைய குலமரத்தில் வாரிசுகளாகச் சேர்க்கப்படுவர். காரணம் எனில், அதற்குப் பொறுப்பானவரின் ரத்த உறவினர் அதைச் சபையில் வாய்மொழியாக உறுதி செய்தல் வேண்டும்.' கீழ கையெழுத்து உங்களதுதாங்க."

"அப்ப நபர்னே எழுதிடுங்க சார்," என்றாள் மகள். "பேர் வச்சது உங்க அப்பா. குலத்துக்கு மூலவர் அவருதான். அப்ப நீங்க எங்க அப்பாவுக்கு அண்ணன் முறை. எனக்குப் பெரியப்பா."

"யாருக்கு யாரு பெரியப்பா?"

"நாப்பத்துமூணு பேர் இருக்கோம் பெரியப்பா. எல்லாரும் பங்காளிங்க. நல்லது கெட்டதுக்கு நீங்க வரணும், உங்க வீட்டுக்கு நாங்க வருவோம். பெரியம்மா நல்லா இருக்காங்களா?"

குறிப்பெழுத்தர் 'பெரியம்மா நலம் விசாரிக்கப்பட்டார்' என்று எழுதினார்.

மாடியண்ணன் தன் பங்குக்கு, "அண்ணே, தண்ணி குடிங்க," என்று டம்ளரை நீட்டினார். இயக்குநரின் கண்ணாடிக்குள் நாற்பத்துமூன்று பேர், மணலும் சிமென்ட்டுமாக, அவருடைய வீட்டுச் சோபாவில் வரிசையாக உட்காருவது அப்படியே தெரிந்தது. அவர் டம்ளரைத் தட்டிவிட்டார்.

"நபர் இல்ல! காரணம்! காரணம்னு எழுதுங்க!"

"என்ன காரணம் சார்?" என்றார் குறிப்பெழுத்தர், பேனாவை உயர்த்தி.

"அது... பணிச்சுமை."

"பணிச்சுமைன்னா அன்னைக்கு எத்தனை பேரைப் பதிஞ்சாருன்னு போடணும் சார், படிவத்துல கட்டம் இருக்கு." பதிவேட்டை எட்டிப் பார்த்தார். "பதினோரு பேரு. காலையில பத்துலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். பணிச்சுமை கட்டத்துல அடங்காது சார்."

இயக்குநர் மகளைப் பார்த்தார். அவள் "பெரியப்பா?" என்றாள்.

"சோம்பேறித்தனம்யா!" என்று கத்தினார் இயக்குநர். "எங்க அப்பா ஒரு சோம்பேறி! போதுமா? உலகத்துக்கே தெரியும். நாற்காலிய விட்டு எழுந்திரிக்கமாட்டாரு. எதிர்ல நிக்கறவன நிமிர்ந்து பார்த்து, பேர் என்னன்னு கேக்க வலிக்கும் அவருக்கு. எல்லாம் கூலி ஆளுங்கதானே, எல்லாம் ஒண்ணுதானேம்பாரு. எனக்குப் பேர் வைக்கவே ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்டவரு! எழுதிக்கங்க!"

குறிப்பெழுத்தர் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார். சான்றை அங்கேயே தட்டச்சு செய்தார்கள். 'குடும்பப்பெயர்: மேற்படி. தோற்றம்: எழுத்தர் ஒருவரின் சோம்பல். பரவல்: மேற்சொன்ன எழுத்தரின் மாற்றல் உத்தரவுகளின்படி.' உச்சியில் அந்த எழுத்தரின் கையெழுத்துச் சின்னம், அடியில் அவர் மகனின் கையெழுத்து.

மாடியண்ணன் அதை வாங்கி, அங்கேயே நின்று, விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். மகள் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

நாலே முக்காலுக்கு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கொடுத்தாள். அங்கிருந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "தோற்றம் சோம்பலா? நைட் டியூட்டி பார்ப்பியாம்மா நீ?" என்றாள்.

"அது எங்களோடது இல்லைங்க. எழுதினவரோடது. நாங்க சுமந்தது மட்டும்தான்."

முத்திரை விழுந்தது. மறுநாள் காலை அவள் வெள்ளை உடுப்பில் வேலைக்குப் போனாள். மாடியண்ணன் ஐந்தாவது மாடிக்கு மணல் தூக்கப் போனார். இருபத்தாறு நாள் வராததற்கு மேஸ்திரி காரணம் கேட்டார். "ஆராய்ச்சி" என்றார். மேஸ்திரி நம்பவில்லை.

நிறுவனத்தில்தான் விஷயம் முடியவில்லை. விதி பதினாறுக்கு ஓர் உட்பிரிவு இருந்தது: ஒவ்வொரு சான்றுக்கும் வாய்மொழி உறுதி தனித்தனியே, சபை கூட்டித் தரப்படவேண்டும். தோற்றம் தெரிந்துவிட்டது என்ற சேதி ஆற்றங்கரை ஆற்றங்கரையாகப் போனது. பென்ஷனுக்கு ஒருவர், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஒருவர், ஒரு காரணமும் இல்லாமல் சும்மா கேட்டுவிட்டுப் போகலாம் என்று இருவர், இப்படி வாரத்துக்கு ஒரு மேற்படியாக வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் முந்நூறு நாற்காலி போட்டு, பேராசிரியர்களை உட்கார வைத்து, இயக்குநர் மேடை ஏறித் தன் அப்பா சோம்பேறி என்று சொல்லிவிட்டு இறங்கினார். எட்டாவது தடவைக்குமேல் அவர் அதை உதட்டுக்குள்ளேயே சொல்லப் பழகியிருந்தார்.

பதினேழாவதாக வந்தவள் ஒரு கிழவி. ஏழாவது ஊரில் பாலத்துக்குக் கல் உடைத்தவள். கவுண்டரில் படிவத்தைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். கவுண்டர்காரர் தனக்குத்தானே, காற்றுக்கும் கேட்காத குரலில், "வந்துடுச்சு இன்னொரு மேற்படி" என்றார்.

"ஆமா, இன்னொண்ணு. அதுக்கு இப்ப என்ன?" என்றாள் கிழவி திரும்பாமலே.

சபை கூடியது. கிழவி முதல் வரிசையில், கம்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இயக்குநர் மேடை ஏறினார். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, முணுமுணுவென்று சொல்லி முடித்து, இறங்கத் திரும்பினார்.

கிழவி காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு தம்பி. சரியா காதுல விழல."